ஜபருக்கும் ஜேருக்கும் ஒரு விசை தூரம்

என் தங்கை மகனின் நிக்காஹ் அழைப்பிதழ் 500 அச்சாகி, மேலப்பாளையத்தில் பாதித் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அட்டையின் உச்சியில் பச்சை மையில் இருந்த அரபி வரியில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“வாழ்த்து யாருக்கு? மாப்பிள்ளைக்கா, பெண்ணுக்கா?”

“மாப்பிள்ளைக்குத்தான் ஹஜ்ரத்.”

“பெண்ணுக்கென்று போட்டிருக்கிறீர்களே.”

மணமக்களுக்காக இறைவனிடம் கேட்கும் துஆ ‘பாரகல்லாஹு லக’ என்று தொடங்கும். ‘லக’ என்றால் ஆணைப் பார்த்து ‘உனக்கு’ என்பது. ‘லகி’ என்றால் பெண்ணைப் பார்த்து ‘உனக்கு’. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றேதான்: லாம், காஃப். காஃபின் தலைக்கு மேல் சாய்வாக ஒரு சிறு கோடு இருந்தால் லக. அதே கோடு காலடிக்குப் போனால் லகி. எங்கள் அட்டையில் காலடிக்குப் போயிருந்தது.

தட்டச்சு செய்தவர் ஜங்ஷன் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. அவருக்கு அரபி தெரியாது. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல் எழுத்தெழுத்தாக அடித்தார். மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆகவே பழியை அவர் மேல் போட வழியில்லை. அன்று மாலை கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த விசையில் எது இருக்கிறது என்று முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். விண்டோஸில் அரபியைச் சேர்த்தால் வழக்கமாக வருவது ‘அரபி 101’ என்ற விசைப்பலகை. அதில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ‘க்யூ’ தட்டினால் மேல்கோடு. ஷிஃப்ட்டுடன் ‘ஏ’ தட்டினால் கீழ்க்கோடு. ஆங்கிலப் பலகையில் க்யூவுக்கு நேர் கீழே இருப்பது ஏ. விரல் ஒரு வரிசை இறங்கினால் மாப்பிள்ளை பெண்ணாகிவிடுகிறார்.

இந்தக் குறிகளை அரபியில் ‘ஹரகத்’ என்பார்கள். மேலே இடுவது ஃபத்ஹா, கீழே இடுவது கஸ்ரா, சிறிய வாவு எழுத்தைப் போல மேலே சுழிப்பது ளம்மா. நம் ஊர் மதரசாவில் இந்தப் பெயர்களைவிட, உருது வழியாக வந்த பாரசீகப் பெயர்களே அதிகம் புழங்கும்: ஜபர், ஜேர், பேஷ். ‘பே ஜபர் ப, பே ஜேர் பி, பே பேஷ் பு’ என்று பிள்ளைகள் ஆடிக்கொண்டே ஓதும் ஓசை அதிகாலையில் தெருமுனைவரை கேட்கும். அந்தப் பெயர்களுக்குப் பொருள் உண்டு என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பாரசீகத்தில் ஜபர் என்றால் மேல், ஜேர் என்றால் கீழ், பேஷ் என்றால் முன். குறி எங்கே நிற்கிறதோ அதுவே அதன் பெயர்.

‘முன்’ எப்படி வந்தது? இன்றைய பேஷ் எழுத்துக்கு மேலேதானே நிற்கிறது? இதற்கு விடை பழைய கையெழுத்துப் படிகளில் இருக்கிறது. தொடக்க காலக் குர்ஆன் படிகளில் உயிர்க்குறி கிடையாது. 7ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பவர் வேறு நிற மையில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார் என்பது மரபு. அகரத்துக்கு எழுத்தின் மேல் ஒரு புள்ளி, இகரத்துக்குக் கீழே ஒன்று, உகரத்துக்கு முன்னால் ஒன்று. அடுத்த நூற்றாண்டில் அதே பஸ்ராவின் இலக்கண அறிஞர் அல் கலீல் இப்னு அஹ்மத் புள்ளிகளை எடுத்துவிட்டு, இன்று நாம் காணும் சிறு கோடுகளையும் சுழியையும் அமைத்தார். உகரக் குறி அப்போது எழுத்தின் தலைக்கு ஏறிவிட்டது. ‘முன்’ என்ற பொருள் மட்டும் பெயரோடு தங்கிவிட்டது. எழுத்தை இரட்டிக்கும் ஷத்தும் அவர் கொடுத்ததே. அது ஷீன் எழுத்தின் தலைப்பகுதி.

குறி இல்லாமல் அரபியைப் படிக்க முடியுமா? அரபிகள் நாள்தோறும் அப்படித்தான் படிக்கிறார்கள். செய்தித்தாள், கடைப் பலகை, அரசாணை எதிலும் குறி இராது. குர்ஆனிலும் குழந்தைகளின் பாடநூலிலும் கவிதையிலும்தான் முழுக் குறிகளும் வரும். காஃப், தே, பே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் அது ‘கதப’ (எழுதினான்) ஆகலாம், ‘குதிப’ (எழுதப்பட்டது) ஆகலாம், ‘குதுப்’ (நூல்கள்) ஆகலாம். ஐன், லாம், மீம் சேர்ந்தால் ‘இல்ம்’ என்ற கல்வியாகவும் வரும், ‘அலம்’ என்ற கொடியாகவும் வரும். பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு ஏற்றுகிற கொடியும் மதரசாவில் ஓதுகிற கல்வியும் குறியில்லாத எழுத்தில் ஒன்றுதான். தாய்மொழிக்காரர் வாக்கியத்தைப் பார்த்து எது என்று கண்டுகொள்வார்.

இது தமிழனுக்கு வியப்பூட்டக் கூடாது. நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி கிடையாது. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலை கிழியும் என்று எழுத்தாணிக்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள். எரி, ஏரி இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டன. கொடு, கோடு அப்படியே. இந்த எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்து வடிவத்தைப் பிரித்துக் கொடுத்தவராகச் சொல்லப்படுகிற வீரமாமுனிவர் நம் சீமையில் காமநாயக்கன்பட்டியிலும் இருந்தவர். ஓலை படித்த புலவர்கள் அதற்கு முன்பும் தடுமாறவில்லை. மொழி தெரிந்தவனுக்குப் புள்ளி ஒரு வசதி, அவ்வளவே.

ஆனால் நாங்கள் அரபி தெரிந்தவர்கள் அல்லர். இங்கேதான் சிக்கலே இருக்கிறது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் குர்ஆனைச் சரளமாக ஓதும் ஆயிரக்கணக்கானவர்களில் அரபி வாக்கியத்தின் பொருள் விளங்குபவர்கள் சிலரே. மற்றவர்கள் ஒலியைப் படிக்கிறார்கள். அந்த ஒலியில் பாதி குறியில் இருக்கிறது. என் உம்மா 60 ஆண்டுகளாக ஓதுகிறார். ஓர் அரபிச் செய்தித்தாளைக் கொடுத்தால், “எல்லாம் மொட்டையாக இருக்கிறதே” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு ஜபர் இல்லாத எழுத்து எழுத்தே அல்ல.

விசைப்பலகையைச் செய்தவர்களோ குறி தேவைப்படாதவர்களை மனத்தில் வைத்துச் செய்தார்கள். எப்போதாவது ஒரு சொல்லில் ஐயம் வந்தால் ஒரு குறி இட்டுக்கொள்வார்கள் என்பது கணக்கு. அதனால் குறிகளையெல்லாம் ஷிஃப்ட்டுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள், வீட்டில் எப்போதாவது எடுக்கும் பெரிய பாத்திரத்தைப் பரணில் வைப்பது போல. எங்களுக்கு அந்தப் பாத்திரம் மூன்று வேளையும் வேண்டும். பிஸ்மில்லாஹ் முழுவதற்கும் 19 எழுத்துகள். மதரசாப் பிள்ளை படிக்கும்படி எழுதினால் குறிகள் 15க்குக் குறையாது. பதினைந்து முறை பரண் ஏற வேண்டும்.

தமிழ்99 பலகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் ‘கி’ தானாகச் சேரும். ககரத்தை இரண்டு முறை அடித்தால் முதல் ககரத்துக்குப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். உயிர்க்குறி இல்லாமல் தமிழ் இல்லை என்று தெரிந்தவர்கள் செய்த பலகை; அதனால் குறி முற்றத்திலேயே கிடக்கிறது.

அரபி 101 பலகைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேல் வரிசையில் க்யூ ஜபர், டபிள்யூ இரட்டை ஜபர் (இரட்டித்தால் ‘ன்’ ஓசை சேரும்), ஈ பேஷ், ஆர் இரட்டை பேஷ். அடுத்த வரிசையில் ஏ ஜேர், எஸ் இரட்டை ஜேர். இந்த ஆறில் எழுத்துக்கு மேலே நிற்பவை மேல் வரிசையில், கீழே நிற்பவை கீழ் வரிசையில். திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, மனத்தில் நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை. அரபி தெரியாத அண்ணாச்சிக்கு இதைச் சொன்னபோது, “மேல்வீட்டுக்காரன் மேலே, கீழ்வீட்டுக்காரன் கீழே” என்று ஒரே வரியில் பிடித்துக்கொண்டார். மெய்யை நிறுத்தும் ஸுகூன் எக்ஸ் விசையில் இருக்கிறது. ஷத்து, எண் 1க்கு இடப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் விசையில். எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். எழுத்தை முதலில் அடித்துவிட்டுக் குறியைப் பிறகு அடிக்க வேண்டும். ‘பே ஜபர் ப’ என்ற ஓதல் வரிசையும் இதுதான். குறியை முதலில் அடித்தால் அது முந்தைய எழுத்தின் மேல் போய் உட்காரும்; முந்தைய எழுத்தே இல்லாவிட்டால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் அநாதையாக நிற்கும். தமிழில் துணைக்காலைத் தனியாக அடித்தால் வருகிற அதே வட்டம்தான்.

இந்தப் பலகையில் இல்லவே இல்லாத குறிகளும் உண்டு, அவைதான் நம் ஊருக்கு அதிகம் வேண்டியவை. பம்பாய், டில்லி அச்சுக் குர்ஆன்களிலும் நம் மதரசாப் பாடநூல்களிலும் நெடில் ஓசைக்குச் செங்குத்தாக நிற்கும் ஜபர், செங்குத்தாக நிற்கும் ஜேர், தலைகீழ் பேஷ் என்று மூன்று உண்டு. உருதுப் பெயரில் கடா ஜபர், கடா ஜேர், உல்டா பேஷ். மைக்ரோசாஃப்ட் வேர்டில் இவற்றுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எழுத்தை அடித்து, அதை ஒட்டி 0670 என்று எண்ணை அடித்து, ஆல்ட் விசையோடு எக்ஸைத் தட்டினால் எண் மறைந்து கடா ஜபர் வந்து உட்காரும். 0656 கடா ஜேர். 0657 உல்டா பேஷ். இவை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொதுத் தரம் அந்தக் குறிகளுக்குக் கொடுத்திருக்கும் கதவு எண்கள். அண்ணாச்சி கடையில் கணினித் திரையின் ஓரத்தில் இந்த மூன்று எண்களையும் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

போனில் கதை வேறு. ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் அரபிப் பலகையில் இடைவெளிப் பட்டையின் பக்கத்தில் இருக்கும் முற்றுப்புள்ளி விசையை அழுத்திப் பிடித்தால் குறிகள் ஒரு கூட்டமாக மேலெழும். விரலை எடுக்காமலே வேண்டிய குறிவரை நகர்த்தி விட வேண்டும். ஒரு குறி ஓர் எறும்பு அளவு. என் கட்டைவிரல் நான்கு குறிகளை மறைக்கிறது. போதாததற்கு, குறியோடு நான் அடித்து முடித்த சொல்லைப் பரிந்துரைப் பட்டை மொட்டை எழுத்தாக மாற்றிக் காட்டி, இதைத்தானே சொல்ல வந்தீர்கள் என்பது போல நிற்கும். அதனால்தான் நம்மவர்கள் போனில் அரபி அடிப்பதில்லை. எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டுகிறார்கள். ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்ற முழு வாழ்த்தும், பிஸ்மில்லாஹ் முழுவதும் யூனிகோடில் தனித்தனி ஒற்றை எழுத்துகளாகவே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் பாடில்லை.

நகலெடுப்பது மோசமான வழி என்று சொல்லமாட்டேன். குர்ஆன் வசனமென்றால் நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். 2007இல் தொடங்கிய தன்ஸில் திட்டம் போன்ற இடங்களில் சரிபார்த்த யூனிகோடு வாசகம் கிடைக்கிறது. கையால் அடித்தால் வரும் பிழை அதில் வராது. ஆனால் ஒட்டிய இடத்தில் வேறு வகைக் கோளாறுகள் வரும். பக்கம் அமைக்கும் மென்பொருளில் வலமிருந்து இடமாக ஓடும் மொழிக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியாக, தலைகீழ் வரிசையில் நிற்கும். அரபி தெரியாத கண்ணுக்கு அதுவும் அரபியாகத்தான் தெரியும். அப்படி அச்சான சுவரொட்டிகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். எழுத்துருவில் இல்லாத குறி கட்டமாக மாறும். வரி இடைவெளி போதாவிட்டால் மேல் வரியின் ஜேரும் கீழ் வரியின் ஜபரும் ஒன்றையொன்று இடிக்கும், அல்லது பாதி வெட்டுப்படும். தமிழ் வரிக்கு வைக்கும் இடைவெளியைவிடக் குறியிட்ட அரபிக்குத் தாராளமாக வைப்பதே முறை. ‘அல்லாஹ்’ என்ற சொல்லில் இன்னொரு வேடிக்கை உண்டு. பல எழுத்துருக்கள் அந்த எழுத்துகளை அடித்தவுடனே ஷத்தையும் கடா ஜபரையும் தாமாகவே போட்டுக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் நாமும் போட்டால் சில எழுத்துருக்களில் குறிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது ஷத்தும் ஜேரும் சேரும் இடம். அரபு நாட்டு அச்சில் ஓர் எழுத்துக்கு ஷத்தும் ஜேரும் வந்தால், ஜேர் எழுத்துக்குக் கீழே போகாது. ஷத்துக்குக் கீழே, எழுத்துக்கு மேலே நடுவில் தொங்கும். நம் பம்பாய் அச்சில் ஜேர் எப்போதும் எழுத்தின் காலடியில்தான் நிற்கும். அடித்த குறி ஒன்றே, எழுத்துரு மாறினால் நிற்கும் இடம் மாறுகிறது. எழுத்துக்கு மேலே கோட்டைக் கண்ட நம் பிள்ளை அதை ஜபர் என்றுதானே ஓதும்? ஆகவே மதரசாவுக்கு நூல் அடிப்பவர்கள் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது அழகை அல்ல, ஷத்தும் ஜேரும் வரும் ஒரு சொல்லை. எகிப்தின் பூலாக் அச்சக எழுத்தைப் பின்பற்றி அமைத்த ‘அமீரி’ இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துரு. குறிகள் அதில் முட்டிக்கொள்வது குறைவு. ஆனால் அது அரபு நாட்டு வழக்கைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத சங்கதி. ஷத்தை முதலில் அடித்து ஜபரை அடுத்து அடித்தாலும், கணினி சில வேளைகளில் அதை மாற்றி அடுக்கிக்கொள்ளும். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது: ஜபர் 30, பேஷ் 31, ஜேர் 32, ஷத்து 33. சிறிய எண் முன்னே. திரையில் வேறுபாடு தெரியாது. ஒரே சொல்லைத் தேடும்போது ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வேர்டில் தேடும்போது குறிகளைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் வசதி உண்டு. குறிகளுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கும் வசதியும் அதே வேர்டின் அமைப்புகளில் இருக்கிறது. சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு எழுத்துகளுக்கு மேலும் கீழும் சிவப்புக் கோடுகள் வந்து நின்றபோது, வேறு நிற மையில் புள்ளி வைத்த அந்தப் பஸ்ராக்காரர் நினைவுக்கு வந்தார். மெய்ப்புப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அழைப்பிதழுக்கு முன்பே இது தெரிந்திருந்தால் காஃபின் காலடியில் இருந்த கோடு பளிச்சென்று தெரிந்திருக்கும்.

குறியின் அருமையை அரபிகளைவிட அதிகம் அறிந்தவர்கள் அறபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர்கள். தமிழையே அரபி எழுத்தில் எழுதும் அந்த வழக்கத்துக்குக் காயல்பட்டினமும் கீழக்கரையும் பெரிய நிலைக்களங்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் நிறைய எழுதியவர். தமிழை மொட்டை எழுத்தில் எழுதிப் பாருங்கள்: ப, ல என்ற இரண்டு எழுத்துகளுக்குள் பல், பல, பலி, புல், புலி ஐந்தும் அடங்கிவிடும். அதனால் அறபுத்தமிழில் ஓர் எழுத்தைக்கூடக் குறியில்லாமல் விட்டதில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளுக்குக் கீழே புள்ளிகளும் புதிய குறிகளும் சேர்த்தார்கள். இத்தனை குறிகளோடு ஈய எழுத்து கோப்பது பெரும்பாடு. கையால் எழுதிக் கல்லச்சில் எடுப்பது எளிது. பழைய அறபுத்தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வந்தன.

அந்த எழுத்துகள் கணினிக்கு வந்த கதை மிக அண்மையது. 2015இல் வெளியான யூனிகோடு 8.0 பதிப்பில்தான், கீழே மூன்று புள்ளியிட்ட ஐன், கீழே ஒரு புள்ளியிட்ட காஃப் இரண்டும் அறபுத்தமிழுக்கென்று இடம் பெற்றன. கவிழ்த்து எழுத்துக்கு அடியில் வைத்த பேஷ் ஒன்றும் அதே பதிப்பில் சேர்ந்தது. எண் கிடைத்துவிட்டது, அடிக்க விசை வேண்டுமே. என் போனில் இருக்கும் எந்தப் பலகையிலும் அவை இல்லை.

இதற்காக யாரிடமும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழ் யூனிகோடு பரவிய நாட்களில் பலரும் பயன்படுத்திய இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் மேல் கட்டியவை. அந்தக் கீமேன் இன்று இலவசம். கணினிக்கும் போனுக்கும் சேர்த்து நமக்கு வேண்டியபடி பலகை அமைக்கலாம். ஜபர், ஜேர், பேஷ் மூன்றையும் ஷிஃப்ட் இல்லாமல் இடக்கைக்குக் கொடுத்து, நிற்கும் ஜபரையும் அறபுத்தமிழ் எழுத்துகளையும் சேர்த்து ஒரு பலகையை நானே வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்99 பழகிய கைக்கு அது அந்நியமாக இராது.

அழைப்பிதழுக்கு வருகிறேன். கொடுக்காமல் மீதியிருந்த அட்டைகளில் பிளேடு நுனியால் கீழ்க்கோட்டைச் சுரண்டி, பச்சைப் பேனாவால் மேலே ஒரு கோடு போட்டோம். நானும் மருமகனும் உட்கார்ந்து ஒரே இரவில் முடித்துவிட்டோம். கொடுத்து முடித்த அட்டைகளை என்ன செய்வது என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். “அரபி தெரிந்தவர்கள் எப்படி இருந்தாலும் ‘லக’ என்றுதான் படிப்பார்கள், விடுங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு மாமி கேட்டுக்கொண்டிருக்க, என் உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைக் கையில் பிடித்து நிறுத்தி நிதானமாக ஓதிக்கொண்டிருந்தார்: “பாரகல்லாஹு லகி…”